இணையத்தில் வாங்கிய ஏழுகல் வைரத் தோடு: விளம்பரத்தில் ஒரு தரம், அட்டையில் வேறு தரம்

செங்காங்வாசி (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம் வருகிறது. அம்மா வெகுநாளாக ஏழுகல் தோடு கேட்டுக்கொண்டிருந்தார். சிங்கப்பூரிலேயே பதிவான ஓர் இணையக் கடையில் வாங்கினேன். விஷயம் இன்னும் முடியாததால் கடையின் பெயரைச் சொல்லவில்லை. விலை 4,860 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்). 2,000 வெள்ளியைக் கிரெடிட் கார்டில் முன்பணமாகக் கட்டினேன். மீதியைப் பேநவ்வில் (வங்கிக் கணக்குக்கு நேரே பணம் அனுப்பும் வசதி) கட்டினால் தள்ளுபடி என்றார்கள், அப்படியே கட்டினேன்.

விளம்பரத்தில் இருந்தது: "ஏழுகல் வைரத் தோடு, ஜோடி, 1.40 கேரட், ஈ-எஃப் நிறம், விவிஎஸ், 18 கேரட் தங்கம், சான்றிதழுடன்." பெட்டியோடு ஒரு பிளாஸ்டிக் அட்டை வந்தது. அதில் 1.40 கேரட் என்பது சரியாக இருக்கிறது. ஆனால் நிறம் ஜி-ஹெச், தெளிவு எஸ்ஐ, இரண்டுமே விளம்பரத்தில் சொன்னதைவிடக் கீழ்த்தரம். திருப்பிப் பார்த்தால் மூலையில் எறும்பு மாதிரி மூன்று எழுத்து, எல்ஜிடி. ஆய்வகத்தில் வளர்த்த வைரமாம்.

சிராங்கூன் சாலையில் தெரிந்த ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். பேனா மாதிரி ஒரு கருவியைக் கல்லில் வைத்தார்கள், கீச்சென்றது. "வைரம்தாம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

விற்றவர்களிடம் கேட்டதற்கு வாட்ஸ்அப்பில் வந்த பதில்: "ஆய்வக வைரமும் வைரம்தான். இயற்கை வைரம் என்று நாங்கள் எங்கும் எழுதவில்லை. காதில் போட்ட நகையைத் திரும்ப எடுப்பதில்லை. வேண்டுமானால் 70 விழுக்காடு மதிப்புக்கு வேறு நகை எடுத்துக்கொள்ளுங்கள்."

அம்மா இன்னும் போட்டே பார்க்கவில்லை. என்ன செய்யலாம்?

ஈசூன்குமார்

இணையத்தில் வாங்கினால் 14 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம் அக்கா. அது சட்டம். தைரியமாகக் கேளுங்கள்.

சட்டம்கொஞ்சம்

தம்பி, அந்த 14 நாள் ஐரோப்பாவில். இங்கே மனம் மாறிவிட்டது என்று சொல்லிப் பொருளைத் திருப்பித் தரும் பொதுவான உரிமை கிடையாது. கடை தன் நிபந்தனையில் கொடுத்தால்தான் உண்டு. 5 நாள் யோசனைக் காலம் என்று ஒன்று இருக்கிறது, ஆனால் அது வாசலுக்கு வந்து விற்பவர்களிடம் வாங்குவதற்கும் டைம்ஷேர் போன்ற விடுமுறை விடுதி ஒப்பந்தங்களுக்கும்தான்.

ஆனால் அக்காவின் பிரச்சினை மனம் மாறியது அல்ல. சொன்ன பொருள் வேறு, வந்த பொருள் வேறு. விவரம் சொல்லி விற்ற பொருள் அந்த விவரத்துக்குப் பொருந்த வேண்டும் என்று சரக்கு விற்பனைச் சட்டம் சொல்கிறது. பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாய வணிக) சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. பொய் சொல்வது மட்டுமல்ல, சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டு வாங்குபவரை ஏமாறவைத்தாலும் அது நியாயமற்ற செயல்தான். "இயற்கை என்று எழுதவில்லையே" என்ற பதில் அங்கே ரொம்ப தூரம் ஓடாது.

2012 செப்டம்பரிலிருந்து நடப்பில் இருக்கும், குறையுள்ள பொருளுக்கான லெமன் சட்டமும் உண்டு. 6 மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது கொடுக்கும்போதே இருந்தது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். இல்லை என்று காட்டுவது விற்றவர் பாடு. முதலில் பழுது பார்க்கவோ மாற்றித் தரவோ அவருக்கு வாய்ப்புக் கொடுக்க வேண்டும், முடியாவிட்டால் விலைக் குறைப்பு அல்லது பணம்.

கல்பதிப்பவன்

ஓய்வு பெறும்வரை கல் பிரிப்பதும் கட்டுவதுமாக இருந்தவன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் அந்தப் பேனா. கல் சூட்டை எவ்வளவு வேகமாகக் கடத்துகிறது என்பதை மட்டும் அது பார்க்கும். கண்ணாடி, அமெரிக்கன் டைமண்ட் எல்லாம் அதில் மாட்டிக்கொள்ளும். ஆய்வக வைரமும் அதே கார்பன், அதே படிகம், அதனால் பேனா கீச்சென்று கத்தத்தான் செய்யும். வைரம் மாதிரியே மின்னும் மொய்சனைட் என்ற வேறு கல்கூட அந்தப் பேனாவை ஏமாற்றிவிடும், அதைப் பிடிக்க மின்சாரம் கடத்துவதைப் பார்க்கும் கருவி வேண்டும். ஆகவே அந்தக் கடைக்காரர் சொன்னது பொய் இல்லை. உங்கள் கேள்விக்குப் பதிலும் இல்லை.

இயற்கையா ஆய்வகமா என்று பார்க்கத் தனி ஸ்கிரீனிங் கருவி இருக்கிறது. அதுவும் "இது சந்தேகம், மேலே பார்" என்று ஒதுக்கிக் காட்டும், அவ்வளவுதான். முடிவு சொல்ல வேண்டியது ரத்தினக்கல் ஆய்வுக்கூடம்.

இரண்டாவது, ஏழுகல் தோட்டுக்கே உரிய தொல்லை. பழைய பாணியில் பின்பக்கத்தை மூடிக் கட்டியிருந்தால் கல்லின் அடிப்பாகம் கண்ணுக்குத் தெரியாது. உட்புள்ளி இருந்தாலும் தங்கம் மறைத்துவிடும். எடையைச் சரிபார்க்கக் கல்லைக் கழற்றத்தான் வேண்டும். கழற்றினால் "நீங்கள் கை வைத்துவிட்டீர்கள்" என்பார்கள். அதனால் எந்தக் கடையிலும் கழற்றவிடாதீர்கள், மெருகு போடவும் கொடுக்காதீர்கள்.

மூன்றாவது, 1.40 கேரட். ஒரு கேரட் 0.2 கிராம், அதாவது 100 சென்ட். உங்கள் தோட்டில் 14 கல்லும் சேர்ந்து 1.40 என்றால் கல் ஒன்று சுமார் 10 சென்ட். தோட்டில் இது குழப்பம் இல்லை, மோதிரத்தில்தான் வம்பு. "1 கேரட் வைர மோதிரம்" என்று போட்டு, உள்ளே பொடிக்கற்களின் மொத்த எடையைக் காட்டுவார்கள். ஒரு கேரட் ஒற்றைக்கல்லுக்கும் அதற்கும் விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

கடைசியாக அட்டை. அதை வழங்கிய ஆய்வுக்கூடம் எது? ஜிஐஏ என்ற அமெரிக்க ரத்தினக்கல் ஆய்வுக்கூடத்தின் சின்ன அறிக்கையே 15 சென்டிலிருந்துதான் கிடைக்கும், அதுவும் கட்டாத தனிக்கல்லுக்கு. அதனால் 10 சென்ட் கல் ஒவ்வொன்றுக்கும் அதை எதிர்பார்க்க முடியாது, நகைக்கு மொத்தமாக ஓர் அட்டைதான் வரும். அந்த அட்டையைக் கடையே அச்சடித்திருந்தாலும் "சான்றிதழுடன்" என்றுதான் விளம்பரம் பேசும். பெயருள்ள கூடங்களுக்குள்ளேயே தரம் போடுவதில் தாராளம், கறார் எல்லாம் உண்டு. தாராளம் அதிகமாகிப் போனதால்தான் ராப்நெட் என்ற வைரச் சந்தை 2014 அக்டோபரிலிருந்து ஈஜிஎல் என்ற கூடத்தின் அறிக்கைகளைத் தன் பட்டியலில் ஏற்பதில்லை.

செங்காங்வாசி

ரொம்ப நன்றி ஐயா. அட்டையில் ஒரு முத்திரை மட்டும் இருக்கிறது, கூடத்தின் பெயரும் இல்லை, இணையத்தில் சரிபார்க்க எண்ணும் இல்லை.

இன்னொன்று. இப்போது அந்த இணையப் பக்கத்தைத் திறந்தால் விளம்பரம் மாறியிருக்கிறது! "லேப் க்ரோன்" என்று புதிதாகச் சேர்த்திருக்கிறார்கள். ஈ-எஃப், விவிஎஸ் இரண்டும் காணோம். வாங்கும்போது நான் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கவில்லை. ஆனால் ஆர்டரை உறுதிசெய்து வந்த மின்னஞ்சலில் பழைய விவரம் முழுசாக இருக்கிறது.

சட்டம்கொஞ்சம்

அந்த மின்னஞ்சல் போதும் அக்கா! அதை பிடிஎஃபாக எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். இப்போதைய பக்கத்தையும் தேதியோடு படம் எடுங்கள். இணைய ஆவணக் காப்பகத்தில் பழைய பக்கம் பதிவாகியிருக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள்.

என் யோசனை ஒன்று. எல்லாரும் இதில் "ஆய்வக வைரம் வைரமா இல்லையா" என்று சண்டைக்குப் போவார்கள். அதை இரண்டாவதாக வையுங்கள், முதலில் எடுக்காதீர்கள். அது விவாதம், அதற்கு நிபுணர் அறிக்கை, செலவு, இழுபறி. ஈ-எஃப் விவிஎஸ் என்று அவர்கள் எழுதியதும், ஜி-ஹெச் எஸ்ஐ என்று அவர்கள் அட்டையிலேயே இருப்பதும் விவாதம் இல்லை. இரண்டு தாளும் அவர்கள் கொடுத்தது. ஒன்றை ஒன்று மறுக்கிறது. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் யாரும் பூதக்கண்ணாடி போட்டுப் பார்க்க வேண்டியதில்லை.

முதலில் அவர்களுக்கு எழுத்தில் ஒரு கடிதம். என்ன வாங்கினேன், என்ன வந்தது, என்ன வேண்டும், எந்தத் தேதிக்குள். அழுகை, திட்டு எதுவும் வேண்டாம். அதற்கும் மசியாவிட்டால் கேஸ் எனப்படும் பயனீட்டாளர் சங்கம் மூலம் பேசலாம். அவர்களால் கட்டாயப்படுத்த முடியாது, சமரசம் பேசுவார்கள். அல்லது நேரே சிறு கோரிக்கை நடுவர் மன்றம். 20,000 வெள்ளி வரை போகலாம், இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000. விஷயம் நடந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். உங்கள் தொகைக்குக் கட்டணம் 10 வெள்ளிதான். சிங்பாஸ் என்ற அரசாங்க இணையக் கணக்கை வைத்து வீட்டிலிருந்தே மனு போடலாம். வழக்கறிஞர் யாரும் வரக்கூடாது, அவர்கள் பக்கமும்தான்.

பொங்கோல்மீனா

கார்டில் கட்டிய 2,000 வெள்ளிக்கு வங்கியிடம் உடனே "சார்ஜ்பேக்" கேளுங்கள் அக்கா, அதாவது கார்டில் போன பணத்தை வங்கி வழியாகத் திரும்பப் பெறுவது. விவரித்தபடி பொருள் இல்லை என்பது விசா, மாஸ்டர்கார்டு இரண்டிலும் ஏற்ற காரணம். பொதுவாக 120 நாள் கெடு, சில வங்கிகள் அதற்கும் முன்னாலேயே கேட்கச் சொல்லும். ஒரு விஷயத்தை மட்டும் மறக்காதீர்கள். பொருளைத் திருப்பித் தர நீங்கள் முன்வந்தீர்கள் என்பதற்கு எழுத்தில் ஆதாரம் வேண்டும். தோட்டை வீட்டில் வைத்துக்கொண்டு பணமும் கேட்டால் வங்கி தள்ளிவிடும்.

பேநவ்வில் போனது போனதுதான், அதற்கு இந்த வழி கிடையாது. தள்ளுபடி கொடுத்துப் பேநவ்வில் கட்டச் சொல்லும்போது அவர்களுக்குக் கார்டுக் கட்டணமும் மிச்சம், இந்தத் தலைவலியும் மிச்சம்.

ஈசூன்குமார்

14 நாள் விஷயம் புரிந்தது, நன்றி. ஆனால் ஒன்று கேட்கிறேன். ஆய்வக வைரம் போலி இல்லையே? பார்வைக்கு ஒன்றுதான், கெட்டித்தன்மையும் ஒன்றுதான். என் கல்யாண மோதிரமே அதுதான். பெரியவர்கள் எதற்கு இவ்வளவு மூக்கைச் சுளிக்கிறீர்கள்?

தேக்காபழசு

யாரும் சுளிக்கவில்லை தம்பி. பண்ணையில் வளர்ந்த மீனும் மீன்தான், கடலில் பிடித்ததும் மீன்தான். தேக்கா ஈரச்சந்தையில் பண்ணை மீனைக் கடல் மீன் விலைக்குத் தலையில் கட்டினால் உங்கள் அம்மா சும்மா விடுவாரா? நீங்கள் தெரிந்து வாங்கினீர்கள், அந்த விலைக்கு வாங்கினீர்கள். அந்த அம்மாவிடம் யாரும் சொல்லவில்லையே.

எங்கள் காலத்தில் வைரத்தை இப்படிப் படம் பார்த்து வாங்குவதே கிடையாது. சில்லறைக் கல்லைக் காகிதப் பொட்டலத்தில் மடித்துக் கொடுப்பார்கள். வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சில நாள் வைத்திருந்து, ராசி ஒத்துவருகிறதா என்று பார்த்துவிட்டு, பிடித்தால் பணம். யாருக்காவது காய்ச்சல் வந்தால் கல்லைத் திருப்பிக் கொடுத்துவிடுவோம், கடைக்காரரும் முகம் கோணாமல் வாங்கிக்கொள்வார். இன்று இணையக் கடைக்காரரிடம் "கல் ஒத்துவரவில்லை" என்று சொல்லிப் பாருங்கள். என் மருமகள் ஒரு மூக்குத்தியில் சொல்லிப் பார்த்தாள், ஒரு சிரிப்புப் பொம்மை அனுப்பினார்கள்.

அப்புறம் இன்னொன்று, கல்பதிப்பவன் அண்ணே. "ப்ளூ ஜாகர்" கேட்டால் இணையத்தில் யாருக்கும் தெரியவில்லையே, ஏன்?

கல்பதிப்பவன்

தெரியும், வேறு பெயரில் இருக்கிறது. நம் ஆட்கள் ப்ளூ ஜாகர் என்று தேடுவது வெயிலில் லேசாக நீலம் அடிக்கும் வெள்ளைக் கல்லை. தென்னாப்பிரிக்காவின் யாகர்ஸ்ஃபொன்டைன் சுரங்கத்துக் கல்லிலிருந்து வந்த பெயர். இன்றைய அறிக்கையில் அதே குணம் ஃப்ளோரசன்ஸ் என்ற வரியில் இருக்கும், நீலம், ஸ்ட்ராங் என்கிற மாதிரி. வேடிக்கை என்னவென்றால், நம் வீட்டுப் பாட்டிகள் கூடுதல் பணம் கொடுத்துக் கேட்டதை, உலகச் சந்தை நல்ல நிறக் கல்லில் இருந்தால் விலையைக் குறைத்துத்தான் வாங்குகிறது. சில கல்லில் அது ரொம்பப் பலமாக இருந்தால் பால் கலந்த மாதிரி மங்கலாகவும் தெரியும்.

இதனால் வரும் தகராறு இரண்டு பக்கமும் உண்டு. ஒருவர் நீலம் அடிக்கிறது என்று திருப்புவார், இன்னொருவர் நீலம் அடிக்கவில்லை என்று திருப்புவார். அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு வாங்கினால் இருவருக்கும் வம்பில்லை.

குமார் தம்பிக்கு: ஜிஐஏ 2025 அக்டோபரிலிருந்து ஆய்வக வைரத்துக்கு டி முதல் இசட் வரையிலான நிறக் குறியே போடுவதில்லை. ப்ரீமியம், ஸ்டாண்டர்ட் என்று இரண்டு வகைதான். இரண்டையும் ஒரே அளவுகோலில் காட்டிக் குழப்ப வேண்டாம் என்று அவர்களே முடிவெடுத்துவிட்டார்கள்.

கடைப்பக்கம்

நான் ஓர் இணைய நகைக்கடையில் வேலை செய்கிறேன் (இந்தக் கடை இல்லை). எங்கள் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள். காதில் போட்ட நகை, அளவு மாற்றிய மோதிரம், பெயர் பொறித்த நகை எதையும் எடுக்க மாட்டோம் என்பது சும்மா வீம்புக்கு இல்லை. வாங்கிய கல்லைக் கழற்றிவிட்டு வேறு கல்லைப் பதித்துத் திருப்பி அனுப்பும் ஆட்கள் இருக்கிறார்கள். பெரிய கல்லில் இடுப்புப் பகுதியில், அதாவது சுற்று விளிம்பில், லேசரால் எண் பொறித்திருப்பார்கள், பத்து மடங்கு லென்ஸில் பார்த்துச் சொல்லிவிடலாம். 10 சென்ட் பொடிக்கல்லில் பெரும்பாலும் அது இருக்காது. அதனால்தான் சந்தேகம்.

மோதிர அளவில் வரும் சண்டை தனி. அமெரிக்க எண் வேறு, இங்கே கடைகளில் சொல்லும் எண் வேறு. எண்ணை மட்டும் அனுப்பாதீர்கள், விட்டத்தை மில்லிமீட்டரில் கேட்டு எழுதி வாங்குங்கள்.

ஆனால் இந்தக் கடை செய்தது தப்பு, அதில் மறுபேச்சில்லை. விளம்பரத்தைப் பின்னால் மாற்றியது அதைவிடத் தப்பு. அக்கா, திருப்பிக் கொடுக்கும் நாள் வந்தால் கூரியரில் அனுப்பாதீர்கள். நேரில் போங்கள். அவர்கள் தராசிலேயே தோட்டை வைத்து, கிராம் தெரியும்படி காணொளி எடுங்கள். "இத்தனை கிராம், 14 கல், எதுவும் விடுபடவில்லை" என்று எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகு கையிலிருந்து விடுங்கள்.

புதுவரவு88

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். நான் அமெரிக்க இணையத்தளம் ஒன்றில் மோதிரம் பார்த்து வைத்திருக்கிறேன். இதே நிலைமை அங்கே வந்தால்?

சட்டம்கொஞ்சம்

இங்கே அலுவலகம் இல்லாத கடையை இங்குள்ள நடுவர் மன்றத்துக்கு இழுப்பது பெரும்பாலும் வீண். உத்தரவு வாங்கினாலும் அங்கே போய் யார் வசூலிப்பது? அப்படி வாங்குபவர் முழுத் தொகையையும் கார்டில் கட்டுங்கள், தனிக்கல்லாக ஜிஐஏ எண்ணோடு வாங்கி அந்த எண்ணை ஜிஐஏ தளத்திலேயே தட்டிப் பாருங்கள். 400 வெள்ளிக்கு மேல் என்றால் உள்ளே வரும்போது 9 விழுக்காடு பொருள் சேவை வரி. திருப்பி அனுப்பினால் அந்த வரியும் காப்பீடும் யார் தலையில் என்று முன்னாலேயே கேளுங்கள்.

உள்ளூர்க் கடை என்றால் இன்னொரு வசதி. 2019 முதல் வைரம், தங்கம் விற்பவர்கள் சட்ட அமைச்சின் கீழ் பதிவு செய்ய வேண்டும். பதிவு இருந்தால் நல்ல கடை என்று அர்த்தமில்லை, ஆனால் பதிவே இல்லாமல் இன்ஸ்டாகிராமில் மட்டும் வைரம் விற்பவரிடம் பணம் கொடுப்பதற்கு முன் கொஞ்சம் யோசிக்கலாம்.

நெறியாளர்

கடையின் பெயரை ஊகித்துப் போட்ட இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம்.

செங்காங்வாசி

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், கேட்டவர்களுக்காக. கடிதத்துக்குப் பதிலே வரவில்லை. வங்கியில் 2,000 வெள்ளிக்குச் சார்ஜ்பேக் போட்டேன், முழுத் தொகைக்கும் நடுவர் மன்றத்தில் மனு போட்டேன். வங்கியில் போட்டிருப்பதை மனுவிலேயே சொல்லிவிட்டேன். மனு போனதும்தான் கடைக்கு என் தொலைபேசி எண் ஞாபகம் வந்தது. மன்றத்தின் இணையவழிப் பேச்சில் முதலில் 60 விழுக்காடு தருவதாகச் சொன்னார்கள், அப்புறம் 4,000. இரண்டையும் வேண்டாம் என்றேன்.

பதிவாளர் முன் நடந்த சந்திப்பில், கடைக்காரர் ஆய்வக வைரத்தின் பெருமையை விரிவாகப் பேச ஆரம்பித்தார். பதிவாளர் அதற்குள் போகவே இல்லை. மின்னஞ்சலையும் அட்டையையும் எடுத்து, "இது நீங்கள் அனுப்பியதா? இதுவும் நீங்கள் கொடுத்ததா?" என்று கேட்டார். இரண்டுக்கும் ஆமாம் என்றார். கொஞ்ச நேரத்தில் 4,860 முழுசாகத் தர ஒப்புக்கொண்டார், தோட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. அதை உத்தரவாகவே பதிவு செய்துவிட்டார்கள்.

கடைப்பக்கம் சொன்னபடியே நேரில் போய்க் கொடுத்தேன். தராசில் 6.42 கிராம் காட்டியது, காணொளி எடுத்தேன். கையெழுத்துப் போட அந்தப் பெண்ணுக்கு விருப்பமில்லை, முதலாளியைக் கேட்க வேண்டும் என்றார். "கேளுங்கள், நான் உட்கார்ந்திருக்கிறேன்" என்றேன். போட்டுக் கொடுத்தார்கள். பணம் எல்லாம் பேநவ்வில் வந்துவிட்டது.

பொங்கோல்மீனா

ரொம்ப சந்தோஷம் அக்கா! முழுப் பணமும் வந்துவிட்டதால் வங்கிக்கு எழுதிச் சார்ஜ்பேக்கை விலக்கிவிடுங்கள். இரண்டு பக்கமும் 2,000 வந்தால் அப்புறம் அவர்கள் உங்கள் மேல் மனு போடுவார்கள்.

செங்காங்வாசி

நேற்றே எழுதிவிட்டேன், உறுதிசெய்து பதிலும் வந்துவிட்டது. தேக்காபழசு ஐயா, அம்மாவை அழைத்துக்கொண்டு சனிக்கிழமை சிராங்கூன் சாலைக்கு வருகிறோம். பின்பக்கம் திறந்த கட்டில் ஏழுகல் தோடு எந்தக் கடையில் நன்றாக இருக்கும் என்று தனிச்செய்தியில் சொல்லுங்கள். ப்ளூ ஜாகர் வேண்டாமாம், அம்மா சொல்லிவிட்டார்.